வேடியப்பன் சந்நிதியில் ஒரு சரித்திர வகுப்பு

தர்மபுரி ஜில்லாவின் அரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், அதை அடுத்த செங்கம் பிரதேசத்திலும், ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ மேய்ச்சல் நிலத்தின் நடுவிலோ ஒரு பலகைக் கல் நின்றுகொண்டிருப்பதையும், அதிலே ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக ஒரு வீரன் செதுக்கப்பட்டிருப்பதையும், அவனை ஊரார் வேடியப்பன் என்று அழைத்து எண்ணெய் சாத்தி, மஞ்சள் பூசி, பொங்கலிட்டு வணங்கி வருவதையும் இன்றும் காணலாம். அந்தக் கிராமத்துச் சிறுவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான். அங்கே, போரில் இறந்த வீரனுக்குப் பண்டைத் தமிழர் கல் நட்டார்கள் என்றும், அதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது என்றும் படித்து, நெட்டுருப் போட்டு, பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியும் விடுகிறான். ஆனால் அவன் படித்த அந்த நடுகல்லும், வருஷாவருஷம் அவன் பாட்டி பொங்கல் வைக்கிற வேடியப்பனும் ஒன்றே என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வார் பெரும்பாலும் இல்லை. நம்முடைய சமூக இயல் போதனையில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் குறை இதுதான்.

கண்ணால் கண்டும் கையால் அளந்தும் வாயால் விசாரித்தும் சமூக இயலைக் கற்பிக்கும் முறையைக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளை முன்னிட்டு ஆராய்வதற்குக் காரணம் உண்டு. இயேசு சபையார் 1599-இல் வெளியிட்ட கல்வித் திட்டமே, ஆசிரியர் சொல்வதைக் கேட்டிருப்பதோடு நில்லாமல் மாணாக்கர் வாதம் புரியவும், நாடகம் நடிக்கவும், நாள்தோறும் பயிற்சி செய்யவும் வேண்டுமென்று விதித்தது. நம் நாட்டில் அந்தச் சம்பிரதாயம் வகுப்பறையைத் தாண்டி வெளியிலும் நடந்தது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் நிறுவப்பட்ட திரு இருதயக் கல்லூரியைச் சேர்ந்த பாதிரிமார்கள் பழனி மலைச் சரிவுகளில் நடந்து நடந்து, அங்கே சிதறிக் கிடந்த கல்திட்டைகளை அளந்து, வரைந்து, அவற்றில் கிடைத்த மட்பாண்டங்களைச் சேகரித்தார்கள். அவர்களுள் ஆங்லாத், நியூட்டன் என்னும் இருவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் தன் வெளியீட்டு வரிசையில் அச்சிட்டது. பம்பாயில் புனித சவேரியார் கல்லூரிக்கு 1922-இல் வந்து சேர்ந்த ஸ்பெயின் தேசத்து ஹேராஸ் பாதிரியார், இந்தியாவுக்கு வந்தவன் இந்திய சரித்திரத்தையே கற்று அதையே கற்பிக்க வேண்டுமென்று துணிந்து, 1926-இல் அங்கே ஒரு சரித்திர ஆராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்து, நாணயங்களையும் சிற்பங்களையும் ஏட்டுச் சுவடிகளையும் மாணாக்கரின் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தார். விஜயநகரத்து ஆரவீடு மரபைப் பற்றி அவர் எழுதிய நூல் 1927-இல் வெளிவந்தது.

தர்மபுரிக்கு வருவோம். சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தனி ஜில்லாவாக ஆன இந்தப் பகுதியும், இதிலிருந்து 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரியும் சேர்ந்து, 1997 முதல் ஒரு தனி மறைமாவட்டமாக இருக்கின்றன. கோவிலூர் போன்ற பழைய பங்குகளில் கிறிஸ்தவம் பல தலைமுறைகளாக வேரூன்றியிருக்கிறது. அவ்வூர்ப் பள்ளிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது நம் விஷயத்துக்கு மிகவும் அவசியமான செய்தி.

நடுகல்லின் முன்னே ஒரு வகுப்பு நடக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முதற் காரியம் ஊர்ப் பெரியவரிடமும் பூசாரியிடமும் அநுமதி பெறுவது. இரண்டாவது, செருப்பைக் கழற்றுவது. பிறகு மாணாக்கர் கல்லின் உயரத்தையும் அகலத்தையும் நாடாவால் அளந்து, அது நோக்கும் திசையைக் குறித்து, வீரனின் கொண்டை, அவன் உடலில் தைத்த அம்புகள், காலடியில் சிறிதாகச் செதுக்கப்பட்ட சிமிழ், விளக்கு முதலியவற்றை ஒன்று விடாமல் வரைந்துகொள்ள வேண்டும். எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் வட்டெழுத்தாக இருக்கும். கல்லை ஈரத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை அதன் மேல் பரப்பித் தூரிகையால் தட்டிப் படியவைத்து, மை ஒற்றி எழுத்தைப் பிரதி எடுப்பதற்கு மைப்படி என்று பெயர். அது பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலையாதலால் மாணாக்கர் அதைத் தொல்லியல் துறையினர் செய்யப் பார்ப்பதே முறை. தர்மபுரி நகரத்தில் அத்துறையின் அகழ்வைப்பகத்தில் பல நடுகற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கிராமத்துக் கல்லைப் பார்த்த பின் அங்கே போனால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுக் காலத்தின் மாறுதலை அறியலாம்.

இந்தச் சாஸனங்கள் சொல்லும் கதை பல இடங்களில் ஒன்றுதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சி ஆண்டில், இன்ன ஊரில் ஆநிரையைக் கவர வந்தபோது அல்லது கவர்ந்த நிரையை மீட்டபோது இன்னார் மகன் இன்னான் பட்டான் என்பது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவ அரசர்களின் பெயர்கள் காஞ்சிக் கோயில்களில் மட்டுமின்றி இந்தக் காட்டுப்புறத்துக் கற்களிலும் வருகின்றன. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, இறந்துபட்ட வீரனோடு, கள்ளரைக் கடித்து அவனருகே காவல் நின்ற நாயையும் பெயர் சொல்லிப் பதிவு செய்து, அதன் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த சரித்திரப் பாடம் எங்கே கிடைக்கும்? ஏன் இங்கே நெல்லுக்காகச் சண்டையிடாமல் மாட்டுக்காகச் சண்டையிட்டார்கள் என்று ஒருவன் கேட்டால், மழை குறைந்த மேட்டுநிலம், புல்வெளி, கால்நடையே செல்வமான வாழ்க்கை என்று பூகோளமும் பொருளாதாரமும் தாமே வந்து சேர்ந்துகொள்கின்றன. தகடூர் என்று அக்காலத்தில் வழங்கிய இந்தத் தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும், அவனுடைய நடுகல்லைப் பாடிய ஔவையாரும் அப்போது செய்யுள் பகுதியிலிருந்து இறங்கி, அந்த மேய்ச்சல் நிலத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. பொங்கல் வைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கல் தெய்வம். பக்கத்தில் நிற்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கு அது ஒரு சின்னம். உபாத்தியாயருக்கோ அது ஆதாரம். இம்மூன்று பார்வைகளும் ஒன்றையொன்று புண்படுத்தாமல் ஒரே கல்லின் முன் நிற்கக் கற்பதே சமூக இயலின் சாரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு மனிதனின் நினைவைக் காப்பாற்றி வைத்தது அந்த வழிபாடே என்று ஆசிரியர் சொல்லும்போது, பாட்டியின் பக்தியைப் பேரனின் படிப்பு அவமதிக்காமல் கௌரவிக்கிறது.

நடுகல்லுக்குப் போக வசதியில்லாத பள்ளிக்கும் சாதனங்களுக்குக் குறைவில்லை. 1792-இல் இந்தப் பகுதியை உள்ளடக்கிய பாராமகால், திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்கு மாறியபோது, காப்டன் ரீடின் கீழ் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இந்தச் சீமையில் ஊர் ஊராக நிலத்தை அளந்து, குடியானவனோடு நேராக வரி பேசும் ரயத்துவாரி முறைக்கு உருக்கொடுத்தார். பின்னர் அவரே சென்னை கவர்னராக ஆனார். இதைப் பாடமாக ஒப்பிப்பதைவிட, பிள்ளைகள் வீட்டிலிருந்து பட்டா நகலையும் புலப்படத்தையும் கொண்டுவந்து, சர்வே எண்ணைப் பார்த்து, வரப்பைச் சங்கிலியாலோ நாடாவாலோ அளந்து, தாளில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்தால், மன்றோ அவர்களுக்கு உயிருள்ள மனிதராகிவிடுவார். நிலமில்லாத வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் இருப்பான் என்பதை ஆசிரியர் மறக்கலாகாது. யாருக்கு ஏன் பட்டா இல்லை என்பதும் இந்தப் பாடத்தின் பகுதியே.

கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆதாரம் ஒன்று உண்டு: பக்கத்துப் பங்குக் கோயிலின் பதிவேடுகள். திரெந்து சங்கம் 1563-இல் இட்ட கட்டளையின் வழியாக ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைப் பங்குக் குருமார்கள் பதிந்து வரும் வழக்கம் ஏற்பட்டது. அடக்கப் பதிவு அதன் பிறகு சேர்ந்தது. சேலம் ஜில்லாவை 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் புத்தகத்தில் நாலு வரி இருக்கும். அந்த வருஷங்களின் ஏடு எஞ்சியுள்ள ஒரு பங்கில், ஆண்டுதோறும் எத்தனை அடக்கங்கள், எத்தனை ஞானஸ்நானங்கள் என்று எண்ணி வரைபடம் போட்டால், பஞ்சம் என்பது என்ன என்பதைப் பிள்ளை தன் பென்சிலாலேயே கண்டுகொள்வான். பெயர்களையும் ஜாதியையும் மறைத்து எண்ணிக்கையை மாத்திரம் குருவானவர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பழைய ஏட்டிலிருந்து புதிய புண்ணைக் கிளறுவது கல்வியாகாது.

பழமை மட்டும்தான் பாடம் என்பதில்லை. தர்மபுரியில் பல கிராமங்களின் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதும், நாளடைவில் எலும்பு பாதிக்கப்படுவதும் அதனால்தான். ஒகேனக்கல் காவிரி நீரை ஜப்பானியக் கடனுதவியோடு குழாய்களில் கொண்டுவந்து, 2013-இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்கான பரிகாரம். தன் தெருக் குழாயில் எந்த நாளில் எந்த நீர் வருகிறது, ஆழ்குழாய் நீர் எங்கே கலக்கிறது, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்ற எல்லையை அது தாண்டுகிறதா என்று விசாரித்து, கிடைத்த விடையைக் கிராம சபையில் எழுந்து வாசிக்கிற மாணவி, குடிமையியலின் ஓர் அத்தியாயத்தை நடத்திக் காட்டியவளாகிறாள். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்கு ஒரு நாள் நடைப்பயணம் போவதும் இவ்வகையில் சேரும். தொழுநோயின் வேதனையோடு பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப அலைந்து, 1925-இல் அங்கேயே மறைந்த அந்த மனிதரைப் பற்றிப் பேசுவதற்கு அந்த இடமே தகுந்த இடம்.

பாடத்தை முடிக்க வேண்டும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது, வெளியே அழைத்துப் போனால் பொறுப்பு யாருடையது என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆகையால் தூரத்து ஊர்களுக்கு வாடகைப் பேருந்தில் போகும் சுற்றுலாவை நான் சிபாரிசு செய்யவில்லை. பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பருவத்துக்கு ஒரு முறை, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு போவது போதும். அவர்கள் எழுதும் குறிப்பின் ஒரு பிரதி அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்; ஊரார் சொன்னதை எழுதிக்கொண்டு போய் ஊராருக்குக் காட்டாமலிருப்பது மரியாதையன்று.

எந்தக் குழுவும் புறப்படுமுன் மனத்தில் கொள்ள வேண்டிய விதி ஒன்றுண்டு. இந்தப் பக்கத்துக் கொல்லைகளில், பாண்டவர் குழி என்று ஜனங்கள் சொல்லும் பெருங்கற்காலக் கல்வட்டங்களும், ஏர் ஓட்டும்போது வெளிப்படும் கறுப்பு சிவப்பு ஓடுகளும் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் பார்க்கலாம், வரையலாம், தோண்டலாகாது. பெறுமானமுள்ள பொருள் மண்ணுக்குள்ளிருந்து தற்செயலாகக் கிடைத்தால், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுதிக் கொடுத்தால் அவர்கள் மேலே அனுப்புவார்கள். அந்த மனுவை மாணாக்கரே தங்கள் கையெழுத்தில் எழுதட்டும். இடம், நாள், கிடைத்த ஆழம், உடனிருந்தவர் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.