பெயரும் தாதுவும்: சீனப் பீங்கானின் நீலம்

16ஆம் நூற்றாண்டுச் சீனப் பதிவுகள், பீங்கானில் தீட்டும் உயர்வகை நீலத்தை 'ஹுயிஹுயி சிங்' என்று குறிக்கின்றன. 'முசுலிம்களின் நீலம்' என்பது இதன் பொருள். இந்நீலத்தைத் தருவது கோபால்ட் தாது. அதனால் கலத்தில் வரைந்து, மேலே கண்ணாடிப் பூச்சு இட்டுச் சுடுவர். பெயர், தாது மேற்கு நாடுகளிலிருந்து வந்ததைச் சுட்டுகிறது. ஆயினும் வணிகப் பெயர்கள் பொருள் மாறிய பின்னரும் வழங்குவதுண்டு; எனவே பெயரை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது.

இங்கு எக்ஸ் கதிர் ஒளிர்வு ஆய்வு துணைபுரிகிறது. எக்ஸ் கதிர்கள் படும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஆற்றலுடைய கதிர்களை வெளியிடுகிறது, கலம் சிதைவதில்லை. களிமண்ணிலும் பூச்சிலும் இரும்பு உண்டாதலால், நீலம் தீட்டாத வெண்பகுதியையும் அளந்து அவ்வளவைக் கழித்தல் வேண்டும்.

சீனக் கோபால்ட் தாதுவில் மாங்கனீசு மிகுதி. 14ஆம் நூற்றாண்டில் ஜிங்தெஜென் சூளைகளில் உருவான கலங்களின் நீலத்திலோ மாங்கனீசு குறைவு; இரும்பு மிகுதி. ஆகவே அது இறக்குமதித் தாது எனக் கருதப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டுக் கலங்களில் மாங்கனீசு உயர்ந்து காணப்படுகிறது. வெளிநாட்டுத் தாதுவுடன் உள்நாட்டுத் தாதுவைக் கலந்தனர் என்னும் அக்காலப் பதிவுகளோடு இது இயைகிறது. 'முசுலிம்களின் நீலம்' என்னும் பெயர், கலவையின் ஒரு பகுதியை மட்டுமே குறித்து நின்றது என்பது இதனால் பெறப்படும்.