வயதானால் கோடாரி ஏன் கனக்கிறது? இயந்திரம் எப்படி விறகைப் பிளக்கிறது?

கோடாரி விறகைப் பிளப்பது எடையால் மட்டுமல்ல, வேகத்தாலும்தான். வீச்சின் வேகம் பாதியானால் அடியின் ஆற்றல் கால்வாசியாகிவிடும். வயது ஏறும்போது அதிகம் மெலிவதோ, சட்டென்று சுருங்கும் வேகத் தசை இழைகள். அதனால்தான் தூக்க முடிகிற கோடாரியை உங்களால் ஓங்கி வீச முடிவதில்லை.

எண்ணெய் அழுத்தத்தால் விறகு பிளக்கும் இயந்திரத்துக்கு வேகமே தேவையில்லை. எப்படி?

ஒரே தாவலில் எட்ட முடியாத மாடிக்குப் படிப்படியாக ஏறுகிறோம் இல்லையா? அப்படித்தான். சிறிய பம்பு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது. அடைபட்ட எண்ணெயில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் அறிவியலாளர் பாஸ்கல் கண்டு சொன்னது இது. அதே அழுத்தம் அகன்ற உருளையின் பெரிய பரப்பில் படும்போது பல டன் விசையாகிறது. அந்த விசையால் ஆப்பு மெல்ல நுழைய, கட்டை நார்வாக்கில் பிளந்துகொள்கிறது.

மெதுவாகத்தானே நகர்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கட்டையா, கையா என்று அதற்குத் தெரியாது. இரு கைகளையும் விலக்கியே வையுங்கள்.