வடிநீர் மருந்தாகுமா?

கடந்த தீபாவளி விடுமுறையின்போது பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கும் என் சின்னம்மா வீட்டிற்குச் சென்றிருந்தேன். 2007-ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட ஊர் அது. சின்னம்மா கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். மரம் சீவியும் செம்பனைப் பழம் பொறுக்கியும் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இப்போது தாமான் வீடொன்றில் இருக்கிறார். அவருடைய சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இயந்திரம் உட்கார்ந்திருந்தது.

"இது தண்ணிய ஆவியாக்கிப் பிடிக்கிற மெஷின், தம்பி. இந்தத் தண்ணிய குடிச்சா சக்கர வியாதி கொறையும், கிட்னிக்கு நல்லதுன்னு சொன்னாங்க. மாசம் நூத்தியிருபது வெள்ளி கட்டுறேன்" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால், அடுத்து அவர் சொன்ன செய்திதான் என்னைத் திடுக்கிட வைத்தது. மூன்று மாதங்களாக அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்து விட்டாராம். "தண்ணிதான் வேலை செய்யுதே, எதுக்கு அவ்வளவு மாத்திர?" என்றார்.

நம்மில் பலரின் வீடுகளிலும் இதே உரையாடல் நடந்திருக்கக்கூடும். எனவே, வடிநீர் உண்மையிலேயே உடலுக்கு நன்மை தருகிறதா என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

வடிநீர் என்பது என்ன?

நீரைக் கொதிக்க வைத்து, எழும் ஆவியைக் குளிரச் செய்து, மீண்டும் நீராகப் பிடிப்பதே காய்ச்சி வடித்தல் ஆகும். நீரில் கரைந்திருக்கும் உப்புகள், தாதுக்கள், உலோகங்கள் ஆகியவை ஆவியாவதில்லை. அவை பாத்திரத்தின் அடியிலேயே தங்கி விடுகின்றன. கிருமிகளும் கொதிநிலையில் மடிந்து விடுகின்றன. ஆகவே, நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய வெறும் நீர் மட்டுமே.

இதற்கு மின்சாரம் அதிகம் தேவை. ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்து முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 4 லிட்டர் வடித்தால், மாதத்திற்கு 85 யூனிட் வரை ஆகிறது. தவணைப் பணத்துக்கு மேல் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பாட்டியின் மழைத்தொட்டி

வடிநீர் நமக்குப் புதிய பொருளன்று. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே வான்சிறப்பை வைத்தார். அந்த மழையும் ஒரு வகையில் வடிநீரே. சூரிய வெப்பத்தால் ஆவியான நீர் மேலே குளிர்ந்து மழையாகப் பொழிகிறது.

சிலாங்கூரின் வடபகுதிக் கடற்கரையோரம் தாழ்வான நிலம். ராஜா மூசா வனப்பகுதியைப் போன்ற கரிச்சதுப்பு நிலங்களில் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். புளிப்புத் தன்மையும் உடையது. கடலை ஒட்டிய இடங்களிலோ கிணற்று நீர் உப்புக் கரிக்கும். என் பாட்டி லயத்தின் தகரக் கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்ததாகச் சொல்வார். பிடித்த நீரை அப்படியே குடித்ததில்லை. தோட்டத்து டிரெசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தபடி காய்ச்சி ஆற வைத்துத்தான் குடித்தார்கள்.

அந்த மழைநீர் பாட்டிக்கு நோய் தீர்க்கவும் இல்லை, அவருடைய எலும்பைக் கரைக்கவும் இல்லை. வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றியது, கிருமியைக் கொன்ற கொதி மட்டுமே. கிருமியைப் பொறுத்தவரை, நன்றாகக் கொதிக்க வைத்த நீருக்கு மேல் வடிநீர் தரும் கூடுதல் பாதுகாப்பு எதுவுமில்லை.

பழுப்பு நிறத்தின் இரகசியம்

சின்னம்மாவை நம்ப வைத்தது ஒரு செய்முறை விளக்கம். தாமான் மண்டபத்தில் விற்பனையாளர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தாராம். ஒன்றில் குழாய் நீர், மற்றொன்றில் வடிநீர். இரண்டிலும் மின்கம்பிகள் பொருத்திய உலோகத் தண்டுகளை அமிழ்த்தினார். சில நிமிடங்களில் குழாய் நீர் பழுப்பாகிச் சேறுபோல் திரண்டது. வடிநீர் தெளிவாகவே இருந்தது. "இந்த அழுக்கைத்தான் இத்தனை வருஷமா குடிச்சீங்க" என்றாராம். மண்டபமே அதிர்ந்து போனதாம்.

இதில் மறைந்திருப்பது இடைநிலைப்பள்ளி வேதியியல்தான். நீரில் சிறிதளவு உப்பும் தாதுக்களும் இருந்தால்தான் அதன் வழியே மின்சாரம் எளிதில் பாயும். மின்சாரம் பாயும்போது இரும்புத் தண்டு கரைந்து துருவாகிறது. பழுப்பு நிறம் அந்தத் தண்டிலிருந்து வருவதே தவிர, நீரிலிருந்து வருவதன்று. வடிநீரில் மின்சாரம் போதிய அளவு பாயாததால் தண்டு கரைவதில்லை.

அன்று மாலையே சின்னம்மா வீட்டு மேசையில் இதைச் செய்து காட்டினேன். ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு கம்பிகள், இரண்டு இரும்பு ஆணிகள் போதும். அவருடைய இயந்திரத்தில் வடித்த நீரை ஒரு குவளையில் ஊற்றி ஆணிகளை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு, அதே நீரில் சமையல் உப்பு ஒரு சிட்டிகை போட்டேன். சற்று நேரத்தில் நீர் பழுப்பாகத் தொடங்கியது. சின்னம்மா குவளையையே பார்த்துக் கொண்டிருந்தார். "உப்பு நாம தினமும் சாப்பிடுறதுதானே?" என்று மெல்லக் கேட்டார்.

தாதுக்கள் பற்றிய இரு தவறான கருத்துகள்

வடிநீரை விற்பவர்கள் நீரிலுள்ள தாதுக்கள் சிறுநீரகத்தில் கல்லாகப் படியும் என்பார்கள். மற்றொரு சாரார் வடிநீர் உடலிலுள்ள தாதுக்களை உறிஞ்சி வெளியேற்றிவிடும் என்று பயமுறுத்துவார்கள். இரண்டுமே மிகைப்படுத்தல்கள்தாம்.

நமது ஆற்று நீர் பொதுவாக மென்னீர். நிலத்தடி நீரைக் காய்ச்சும் ஊர்களில் கெத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப்போல் நம் வீட்டுக் கெத்தல்களில் அவ்வளவாகப் படிவதில்லை. குழாய் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் குடித்தால் 20 மில்லிகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ ஏறக்குறைய 1000 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முருங்கைக் கீரையிலும் நெத்திலியிலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆக, நீரில் இருப்பதால் கெடுதலும் இல்லை. அது நீங்குவதால் பெரிய இழப்பும் இல்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் கூறும் முதல் அறிவுரை போதிய அளவு நீர் அருந்த வேண்டும் என்பதே.

வடிநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துச் சற்றே அமிலத்தன்மை அடைவது உண்மை. ஆனால், நம் வயிற்றில் சுரக்கும் அமிலம் அதைவிடப் பன்மடங்கு வலிமையானது. உடலின் உப்புச் சமநிலையைச் சிறுநீரகங்கள் பார்த்துக் கொள்கின்றன.

எனினும், எச்சரிக்கை தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட, குடிநீரிலுள்ள சத்துகள் பற்றிய நூலில், தாது நீக்கப்பட்ட நீரையே நெடுங்காலம் அருந்துவது பற்றிய ஐயங்கள் எடுத்துரைக்கப்பட்டன. அத்தகைய நீரில் சமைத்தால் காய்கறிகளின் தாதுக்களும் கூடுதலாகக் கரைந்து வெளியேறலாம். சத்துணவு குறைவாக உண்போருக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில்கூட, சுண்ணாம்புச் சத்து போன்றவற்றை மீண்டும் சேர்த்த பிறகே நீரை விநியோகிப்பது வழக்கம்.

நம் குழாயில் வருவது என்ன?

கோலகுபு பாருவைக் கடந்து வரும் சிலாங்கூர் ஆறு, பெஸ்தாரி ஜெயா வழியாக ஓடி, கம்போங் குவாந்தான் மின்மினிகளைத் தாண்டி, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு அருந்தும் நீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. படிகாரம் போன்றவற்றால் கலங்கலைத் திரட்டி, படிய வைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். பற்களின் நலனுக்காக ஃபுளோரைடும் சேர்க்கப்படுகிறது. நம் நாட்டுத் தரநிலைப்படி அதன் அளவு லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம். வடிக்கும்போது இதுவும் நீங்கிவிடுகிறது. பால் பற்கள் விழுந்து முளைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை மறக்கக்கூடாது.

இந்த நீரில் சிக்கலே வராது என்று நான் கூறவில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் அருகிலுள்ள கோங் ஆற்றில் வாடை மாசு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. கோலசிலாங்கூரும் அவற்றுள் அடங்கும். இத்தகைய நேரத்தில் வடிநீர் இயந்திரம் காப்பாற்றும் என்று பலர் எண்ணுவர். ஆனால், பெட்ரோல், கரைப்பான் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள் நீராவியோடு சேர்ந்து வந்து மறுபடியும் நீரில் கலந்துவிடக்கூடும். அவற்றைப் பிடிக்கக் கரி வடிகட்டி தேவை. ஆற்றைக் காப்பதுதான் இதற்கு உண்மையான தீர்வு.

வீட்டளவில் நாம் கவனிக்க வேண்டியவை கூரைத் தொட்டியும் பழைய குழாய்களும். தொட்டியை அவ்வப்போது கழுவி மூடி வைப்பதும், சேறு கலந்து வந்தால் புகார் செய்வதும், குடிப்பதற்கு முன் கொதிக்க வைப்பதும் செலவு குறைந்த வழிகள்.

எங்கே தூய நீர் உயிர் காக்கிறது?

தாது நீக்கிய நீர் இன்றியமையாத இடங்கள் உண்டு. இரத்தச் சுத்திகரிப்பு அவற்றுள் முதன்மையானது. ஒரு நோயாளி நான்கு மணி நேரச் சிகிச்சையில் ஏறக்குறைய 120 லிட்டர் நீரை எதிர்கொள்கிறார். அவரது இரத்தத்திற்கும் அந்த நீருக்கும் இடையே இருப்பது மெல்லிய சவ்வு ஒன்றுதான். எனவே, குழாய் நீரிலுள்ள குளோரின்கூட அங்கே ஆபத்து. நாம் வாயால் குடிக்கும் நீர் அப்படி நேராக இரத்தத்தை அடைவதில்லை. "கிட்னி நோயாளிக்குத் தூய நீர் தேவை" என்ற உண்மையைத் திரித்துத்தான் சிலர் வியாபாரம் செய்கின்றனர்.

நிலத்தடி நீரே நஞ்சாக இருக்கும் ஊர்களிலும் அதை நீக்கியே ஆக வேண்டும். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு மக்களின் பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. அதனால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின்வழி காவிரி நீர் அங்கே கொண்டு செல்லப்பட்டது. நமது குழாய் நீரில் பல்லைக் காக்கும் அதே பொருள் அங்கே பல்லைக் கெடுத்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். நீரை வடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, 'நம் நீரில் நீக்க வேண்டியது என்ன இருக்கிறது?' என்பதே.

சர்க்கரை குறைந்தது எப்படி?

சின்னம்மாவின் சர்க்கரை அளவு முதல் மாதம் குறைந்தது உண்மைதான். விசாரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இயந்திரத்தோடு விற்பனையாளர் இன்னோர் அறிவுரையும் தந்திருந்தார்: தினமும் 2 லிட்டர் இந்த நீரை மட்டுமே குடிக்க வேண்டும், இனிப்புப் பானங்களைத் தொடக்கூடாது. நாளுக்கு நான்கு குவளை கட்டிப்பால் தேநீர் குடித்தவர் அதை நிறுத்தினார். சர்க்கரை குறைந்தது. புகழ் இயந்திரத்துக்குப் போனது. அந்த நம்பிக்கையில் மாத்திரையைக் குறைத்தார். அளவு மீண்டும் ஏறியது.

இது ஒரு குடும்பத்துக் கதை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! நம் சமூகத்தைக் குறிவைத்து இத்தகைய பொருள்கள் விற்கப்படுவதில் வியப்பில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. வீடு தேடி வந்து விற்கும் நேரடி விற்பனையில், ஒப்பந்தத்தை 10 வேலை நாள்களுக்குள் ரத்து செய்யும் உரிமையை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பயனீட்டாளருக்கு வழங்குகிறது. சின்னம்மாவுக்கு இது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

முடிவாக

வடிநீர் நஞ்சன்று, சத்தான உணவு உண்பவர் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால், அது மருந்துமன்று. சுத்திகரிக்கப்பட்ட குழாய் நீரைக் காய்ச்சிக் குடிப்பவருக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் நன்மை எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

விடுமுறை முடிவதற்குள் சின்னம்மாவை கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். தாதி கடிந்து கொள்ளவில்லை. மாத்திரையைப் பழையபடி எடுக்கச் சொல்லி, தேநீரை நிறுத்தியதைப் பாராட்டினார். இயந்திரம் இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது, தவணையும் முடியவில்லை. அதில் வடியும் நீரைச் சித்தப்பா லோரி பேட்டரிக்கு ஊற்றுகிறார். "அதுக்காவது ஆகுதே" என்று சின்னம்மா சிரித்தார்.

நாம் பல்கலைக்கழகத்தில் கற்கும் வேதியியல் தேர்வுத்தாளோடு நின்றுவிட வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும்போது சமையலறையை ஒருமுறை பாருங்கள். பெரியவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். புதிய இயந்திரம் இருந்தால், கேலி செய்யாமல் பக்கத்தில் அமர்ந்து, ஒரு பேட்டரியும் இரண்டு ஆணிகளும் ஒரு சிட்டிகை உப்பும் கொண்டு செய்து காட்டுங்கள்.