பிரசாதத்தில் கோரைக்கிழங்கு... கொல்லையில் காட்டுப்பன்றி!

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தப் பிரசாதம் ஞாபகம் இருக்கும். கோரைக்கிழங்கைப் பொடித்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துச் செய்வது. மற்றப் பெருமாள் கோயில்களில் புளியோதரையும் தயிர்சாதமும் என்றிருக்க, வயலில் களை என்று பிடுங்கி எறிகிற கோரைக்கு இங்கே மட்டும் ஏன் இந்த மரியாதை? மூலவர் வராகர் அல்லவா! பன்றிக்குக் கோரைக்கிழங்கு என்றால் உயிர். மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தாலும் மோப்பம் பிடித்து, மூக்காலேயே உழுது எடுத்துவிடும்.

சிதம்பரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிற அந்தக் கோயிலை விட்டு வெளியே வந்து, விருத்தாசலம் பக்கமோ வேப்பூர் பக்கமோ வண்டியை விட்டால் வேறொரு காட்சி. மல்லாட்டைக் கொல்லைகளைச் சுற்றிக் குச்சி நட்டு, கலர் கலராகப் பழைய புடவைகளைக் கட்டியிருப்பார்கள். பொங்கலுக்கு ரேஷனில் கொடுத்த சேலைகள்கூட அதில் இருக்கும். எல்லாம் அதே மூக்குக்குப் பயந்துதான். கோரைக்கிழங்கைத் தோண்டுகிற மூக்கு, மல்லாட்டையையும் மரவள்ளியையும் விட்டுவைக்குமா?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. மல்லாட்டை, மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி, கதிர் முற்றிய நெல் என்று எதுவும் தப்புவதில்லை. பன்றி தின்பதைவிட உருட்டிப் புரட்டி மிதித்துப் பாழாக்குவதுதான் அதிகம். இருபது முப்பது உருப்படிகள் சேர்ந்த கூட்டம் ஒன்று இறங்கினால், அரை ஏக்கர் மக்காச்சோளம் காலையில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். மூன்று மாதம் தண்ணீர் கட்டியவன் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவான்.

காடே இல்லாத ஊரில் காட்டுப்பன்றி எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பன்றிக்குக் காடு தேவையில்லை, மறைவு போதும். பகலில் ஆள் உயரக் கரும்புக்குள் படுத்துக்கொள்ளும். கரும்பு வெட்டியாகிவிட்டால் ஏரியிலும் ஓடைக்கரையிலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் இருக்கிறது. தண்ணீருக்கு வெள்ளாறும் மணிமுத்தாறும் ஏரிகளும். சாப்பாட்டுக்கு நம் கொல்லை. போதாக்குறைக்கு, குட்டிகளைப் பிடித்துத் தின்ன இங்கே சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. மிஞ்சியிருந்த நரிகளும் பல ஊர்களில் அருகிவிட்டன.

பெருக்கமும் சாதாரணமில்லை. பெட்டை சினைப்பட்டால் நாலு மாதத்துக்குள் குட்டி. ஒரு ஈற்றில் நாலு, ஆறு என்று போடும். தீனி நன்றாகக் கிடைத்தால் ஒரு வயதை ஒட்டியே அடுத்த தலைமுறை சினைக்கு வந்துவிடும்.

இதே நிலத்தில் இன்னொரு பிராணியும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மானுக்கு வந்த கம்பி

வேப்பூர், விருத்தாசலம் பக்கத்துச் சின்னச் சின்ன வனப்பகுதிகளில் புள்ளிமான்கள் உண்டு. காடு என்று சொன்னாலும் பல இடங்களில் தைலமரமும் முந்திரியும் வரிசையாக நட்ட தோப்புதான். தைலமரத்தடியில் மான் மேய என்ன பெரிய புல் இருக்கப்போகிறது? சித்திரை வைகாசியில் குட்டைகள் வற்றியதும் அவை தண்ணீர் தேடி ஊர்ப்பக்கம் வரும். நாய் துரத்திக் கிணற்றில் விழும், சாலையில் வண்டியில் அடிபடும். உள்ளூர்ப் பேப்பரில் நாலு வரிச் செய்தியாக அடிக்கடி படிக்கிறோம்.

இப்படிப்பட்ட இடத்தில் பன்றியும் மானும் ஒரே தடத்தில் நடக்கின்றன, ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கின்றன. மரத்தடியில் உதிர்ந்த பழத்துக்குப் போட்டி வந்தால் மான்தான் ஒதுங்கும். புள்ளிமான் தன் குட்டியைப் பிறந்த சில நாட்கள் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். பன்றி சைவம் மட்டும் சாப்பிடுகிற பிராணி இல்லை. முட்டை, புழு, செத்த விலங்கு, கண்ணில் பட்ட பச்சைக்குட்டி எல்லாமே அதற்கு ஆகாரம்தான்.

ஆனால் இதை வைத்துப் பன்றிதான் மானை அழிக்கிறது என்று சொன்னால் அது அபாண்டம். இரண்டும் இந்த மண்ணின் விலங்குகள். ஆயிரக்கணக்கான வருடங்களாக ஒன்றாக வாழ்ந்தவை. இங்கே மானுக்குப் பெரிய ஆபத்து பன்றி அல்ல, பன்றிக்கு என்று நாம் வைக்கிற கண்ணிதான்.

சுருக்குக் கம்பி, பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ வெடிமருந்து வைக்கிற அவுட்டுக்காய், கொல்லையைச் சுற்றி நேரடியாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி. இவை மூன்றுக்கும் கண் கிடையாது. பன்றிக்கு விரித்த சுருக்கில் மானின் கால் மாட்டும். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய ஆடு, மாடு, நாய் எத்தனையோ. மயில், கீரி, முயல் எல்லாம் கணக்கிலேயே வராது.

இதில் கொடுமையான கணக்கு ஒன்று உண்டு. கம்பியில் ஒரு பெட்டைப் பன்றி செத்தால், கூட்டத்தில் மிச்சமிருக்கிற இன்னொன்று ஒரே ஈற்றில் அந்த இடத்தை நிரப்பிவிடும். மான் அப்படியா? ஏழெட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அதே கம்பியில் ஒரு பெட்டை மான் செத்தால் அந்த இடம் நிரம்ப வருடங்கள் ஆகும். ஆக, கம்பி வைக்க வைக்கப் பன்றி குறைவதில்லை. மான்தான் குறைகிறது.

மனிதர்கள் மட்டும் தப்புகிறார்களா? ராத்திரி எலி பிடிக்கப் போனவர், ஏரிக்கு மீன் பிடிக்கப் போனவர், பக்கத்துக் கொல்லைக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் என்று கம்பியில் மாட்டிச் செத்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். தான் கட்டிய கம்பியைத் தானே மறந்து மிதித்தவர்களும் உண்டு. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, கொல்லையைக் காக்கச் சட்டவிரோதமாகப் போட்ட மின்கம்பியில் ஒரே இரவில் மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அந்த வருடமே மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

முறையான சோலார் வேலிக்கும் இந்தக் கள்ளக் கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. சோலார் வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, கண் சிமிட்டுவதற்குள் ஒரு அதிர்வு வந்து போகும். தொட்ட விலங்கு துள்ளி விலகிவிடும். பம்புசெட்டிலிருந்து கொக்கி போட்டு இழுத்த 230 வோல்ட் அப்படியில்லை. விடாமல் ஓடும். தசை இறுகி, பிடித்த கை கம்பியை விடாது. அதனால்தான் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாகிறார். எங்காவது இப்படிக் கம்பி கட்டியிருப்பதைப் பார்த்தால் கிட்டே போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுப்பதா என்ற தயக்கம் வரும். நியாயம்தான். ஆனால் நாளைக்கு அந்தக் கம்பியில் விழப்போவது அவர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சுடலாம்... ஆனால் யார் சுடுவது?

1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை என்பது குற்றம். 2022-ல் திருத்தப்பட்ட சட்டத்தில் காட்டுப்பன்றியும் புள்ளிமானும் ஒரே அட்டவணையில், இரண்டாவது அட்டவணையில் இருக்கின்றன. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் அந்த விலங்கைக் கொல்ல வனத்துறை உயரதிகாரி எழுத்துமூலம் அனுமதிக்கலாம் என்று அதே சட்டம் வழியும் வைத்திருக்கிறது.

அந்த வழியில் கேரளா 2022-லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்து அவர்கள் சுடச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில், அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் புது நடைமுறையை அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர் அடங்கிய குழு இதைப் பரிசீலிக்கும் என்பது ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், கடலூர் உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அதே ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்துபோயிருந்தது!

மாவட்டத்தின் பெரும்பாலான ஊர்கள் மூன்று கிலோமீட்டரைத் தாண்டித்தான் இருக்கின்றன. ஆகவே காகிதத்தில் சுடலாம். நடைமுறையில்? பன்றி வருவது நடுராத்திரி. ஒளிவது கரும்புக்குள். கொல்லைக்கொல்லைக்குக் கொட்டாயில் ஆட்கள் காவல் படுத்திருப்பார்கள். அந்த இருட்டில் துப்பாக்கியை எங்கே நீட்டுவது? ஒவ்வொரு ஊருக்கும் அனுப்ப வனத்துறையில் அத்தனை ஆட்களுக்குத்தான் எங்கே போவது? சுடுவதை எதிர்க்கிறவர்கள் விவசாயியின் நஷ்டத்தைப் பார்ப்பதில்லை. சுட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்கள் பன்றியின் புத்தியைப் பார்ப்பதில்லை.

டெக்ஸாஸில் கற்ற பாடம்

பன்றியின் புத்தியைப் பற்றி அமெரிக்காவின் டெக்ஸாஸ்காரர்களைக் கேட்கலாம். அங்கே பன்றி சொந்த மண்ணின் விலங்கு அல்ல. 1539-ல் எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் புளோரிடாவில் வந்து இறங்கியபோது கூடவே கொண்டுவந்தார். பிற்பாடு தப்பியவையும் அவிழ்த்துவிட்டவையும் காட்டுப்பன்றியாகிப் பெருகின. டெக்ஸாஸில் மான் வேட்டைக்காகவே நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள். மானுக்கு வைத்த மக்காச்சோளத்தைப் பன்றிகள் வந்து காலி செய்கின்றன. பன்றிக்கூட்டம் நிற்கிற இடத்துக்கு மான் வருவதில்லை. மானின் முக்கிய உணவான ஓக் மரக் கொட்டைகளுக்கும் போட்டி. 2011-ல் ஹெலிகாப்டரிலிருந்து சுடக்கூடச் சட்டம் போட்டார்கள்.

அப்படியும் தீரவில்லை. பெருகாமல் நிறுத்தி வைக்கவே வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு பன்றிகளை அகற்ற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒன்றிரண்டைச் சுட்டால் மற்றவை சிதறி, இடம் மாறி, இன்னும் உஷாராகிவிடுகின்றன. ஆகவே இப்போது அங்கே பெரிய வட்டக் கூண்டு வைத்து, நாள்கணக்கில் தீனி போட்டுப் பழக்கி, குட்டி உட்பட மொத்தக் கூட்டமும் உள்ளே வந்தபிறகு, கேமராவில் பார்த்தபடி செல்போனிலேயே கதவை இறக்குகிறார்கள். ஊர் கூடிச் செய்தால்தான் இது பலிக்கும். தனியாக ஒருவர் தன் கொல்லையை மட்டும் காப்பாற்றிக்கொண்டால், பன்றி பக்கத்துக் கொல்லைக்குப் போகும்.

நம் ஊரிலும் வனத்துறை வைக்கிற கூண்டும், ஏரியிலிருக்கிற சீமைக்கருவேலத்தை அகற்றுவதும் சேர்ந்தால்தான் பலன் தெரியும். ஏரி முழுக்கப் புதர் இருக்கும்வரை கூண்டு வைத்துப் பிரயோஜனமில்லை. அதுவரை விவசாயிகள் தங்களால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சலூனில் கேட்டு வாங்கிய முடியை வரப்போரம் தூவினால், தரையை முகர்ந்துகொண்டே வருகிற பன்றிக்கு மூக்கில் ஏறும். ஓரத்தில் நாலு வரிசை ஆமணக்கு நெருக்கமாக விதைத்தால் அதன் வாசனை உள்ளே இருக்கிற பயிரை மறைக்கும். புடவை கொஞ்ச நாள் பலன் தரும், அப்புறம் பழகிவிடும். அதனால் இடத்தையும் நிறத்தையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். சேதமானால் முதல் வேலையாக செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, வனத்துறை இழப்பீட்டுக்கு மனு கொடுக்க வேண்டும். பட்டா தன் பேரில் இல்லாத குத்தகை விவசாயிக்கு இதில் பாடு அதிகம்.

பன்றியோடு நமக்கு இருக்கிற வழக்கு நேற்று ஆரம்பித்ததல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் 'பன்றி குத்திப்பட்டான் கல்' என்றே நடுகற்கள் இருக்கின்றன. பயிரைக் காக்கப் பன்றியோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் வைத்த கல். அவன் ஈட்டியோடு நேருக்கு நேர் நின்றான். அந்த ஈட்டிக்கு எது பன்றி, எது மான் என்று தெரியும். இருட்டில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிற கம்பிக்கு அது தெரியாது.

மாசி மகத்துக்குப் பூவராக சுவாமி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து புறப்பட்டு, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். கிள்ளையில் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு மரியாதை செய்து வரவேற்பார்கள். மார்கழியில் விதைத்த மல்லாட்டை காய் பிடிக்கிற பருவமும் அதுதான். கொல்லைகளில் அன்றைக்கு ராத்திரியும் டார்ச் லைட்டோடு ஆள் விழித்திருக்கும்.