மூளை ஸ்கேன் ஊருக்கே வந்தால்... டிமென்ஷியாவைக் கண்டுபிடிப்பதில் என்ன மாறும்?

“வயசாயிட்டுல்லா, மறதி இருக்கத்தான் செய்யும்!” தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூரை ஒட்டியிருக்கும் ஆலந்தலை மாதிரியான மீனவக் கிராமத்தில் மட்டுமல்ல, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பிலும் கேட்கிற பேச்சுதான் இது. ஆனால், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வேறு. காலமெல்லாம் வலை பின்னிய கைக்கு முடிச்சுப் போடவே தெரியாமல் போவது வேறு. இரண்டாவது, டிமென்ஷியா எனும் மறதிநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. நகரங்களைவிடக் கிராமங்களில்தான் பாதிப்பு அதிகம். ஸ்கேன் மையங்களோ நகரங்களில்தான் அதிகம்.

ஸ்கேன் எதற்கு?

டிமென்ஷியாவை ஸ்கேன் மட்டுமே உறுதிசெய்துவிடாது. வீட்டாரிடம் விசாரிப்பது, நினைவாற்றல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்ததுதான் நோயறிதல். ஆனாலும் ஸ்கேன் இரண்டு முக்கியமான வேலைகளைச் செய்கிறது. நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கியிருக்கிறதா, சிறு பக்கவாதங்களின் தடம் இருக்கிறதா என்று காட்டும். அதைவிட முக்கியம், மண்டைக்குள் ரத்தக்கசிவு, கட்டி, நீர்த்தேக்கம் போன்றவற்றைக் கண்டுபிடித்துவிடும். இவையும் டிமென்ஷியா மாதிரியே தெரியும்; ஆனால் பலருக்குச் சிகிச்சையில் சரியாகக் கூடியவை.

வழக்கமான எம்.ஆர்.ஐ.க்கு 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தம், அதைக் குளிரவைக்க திரவ ஹீலியம், ரேடியோ அலைகள் புகாத தனி அறை எல்லாம் வேண்டும். ஆலந்தலையிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குச் சுமார் 40 கி.மீ. இடம் மாறினாலே பதறும் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறுவது லேசான காரியமா? கூடப்போகும் பிள்ளைக்கு அன்றைய கூலியும் போச்சு.

என்ன புதுசு?

அமெரிக்காவின் ஹைப்பர்ஃபைன் நிறுவனம் உருவாக்கிய, சக்கரம் வைத்த எம்.ஆர்.ஐ. கருவிக்கு 2020-ல் அந்நாட்டு அனுமதி கிடைத்தது. காந்த சக்தி வெறும் 0.064 டெஸ்லா. ஹீலியம் வேண்டாம், தனி அறை வேண்டாம். சாதாரண ப்ளக் பாயின்ட் போதும். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், கணினி உதவியோடு அளந்தபோது ஹிப்போகாம்பஸின் அளவு பெரிய கருவி தந்த அளவோடு நன்றாகவே ஒத்துப்போனது.

இந்தியாவிலும் முயற்சி நடக்கிறது. பெங்களூருவின் வாக்ஸல்கிரிட்ஸ் நிறுவனம் திரவ ஹீலியம் தேவைப்படாத, எடை குறைந்த 1.5 டெஸ்லா ஸ்கேனரை உருவாக்கியிருக்கிறது. 2021-ல் இதில் முதலீடு செய்தது நம்ம ஊர் ஸோஹோ.

இன்னொரு வழி, தலையில் மாட்டும் இ.இ.ஜி. கருவி. இது படம் எடுக்காது. மூளையின் மின்னலைகளைப் பதியும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகக் குழு, 3 நிமிட இ.இ.ஜி. சோதனையை வீடுகளிலேயே நடத்தி 2025-ல் முடிவுகளை வெளியிட்டது. திரையில் வரும் படங்களைப் பார்த்தால் போதும். பதில் சொல்லவோ எழுதவோ வேண்டாம். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கு எழுத்து, கணக்கு கேட்கும் பரிசோதனைகளே தடையாக இருப்பதால் இது முக்கியம்.

ஆனால் ஒரு சிக்கல்!

சேப்பியன் லேப்ஸ் நிறுவனர் தாரா தியாகராஜனின் குழு, தமிழகக் கிராமங்கள் உட்பட இந்தியாவில் 402 பேரிடம் கையடக்க இ.இ.ஜி. கருவியால் மூளை அலைகளைப் பதிந்தது. ‘ஆல்ஃபா’ எனும் அலையின் வலு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறியது. வருமானம், பயணம், மின்சார வசதி குறைந்தவர்களிடம் அது பலவீனமாக இருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்ல. வாழ்க்கைச் சூழல்தான் வேறு.

அல்சைமர் நோயிலும் இதே ஆல்ஃபா அலை மாறுகிறது. அப்படியென்றால், மேலைநாட்டு நகரவாசிகளை வைத்துப் பழக்கப்படுத்திய ஒரு கருவி, நம் கிராமத்து ஆளை நோயாளி என்று தப்பாகச் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. கருவி ஊருக்கு வரும் முன், நம் ஆட்களின் அளவுகோல் வர வேண்டும். கர்நாடகத்தின் கோலார் மாவட்டக் கிராமத்தினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையத்தின் ஸ்ரீனிவாசபுரா ஆய்வு அதனால்தான் அவசியமாகிறது.

இப்போது என்ன செய்யலாம்?

வழி தப்புவது, பண விஷயத்தில் குழம்புவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய வேலை மறந்துபோவது... வீட்டில் இதெல்லாம் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள். முதலில் வைட்டமின் பி12, தைராய்டு சோதனை. மனச்சோர்வு இருக்கிறதா என்ற விசாரணை. இவற்றாலும் மறதி வரும்; சரிசெய்யவும் முடியும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, காதுகேளாமை, புகைபிடித்தல் உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது 2024 லான்செட் ஆணைய அறிக்கை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க, 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஏற்கெனவே வீடு தேடி வருகிறது. அதே பணியாளர் மறதியைப் பற்றியும் நாலு கேள்வி கேட்டால், யாருக்கு ஸ்கேன் தேவை என்பது வீட்டு வாசலிலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.