கொல்லையில் ஒரு கைவினைஞர்

கூடங்குளம் வட்டாரத்தில் ஓய்வு நேரத்தில் பனையோலைப் பெட்டி முடையும் நேயர்களே! ஓலையைக் கீறி முடையும் வித்தை தூக்கணாங்குருவிக்கும் தெரியும். பாதிக் கூட்டை ஆண் முடையும். பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதி வேலை. கொல்லைத் துணிக்கொடியில் தேன்சிட்டு தொங்கவிடும் கூடோ சிலந்தி நூலால் ஒட்டியது. குஞ்சு பறக்கும்வரை அந்தக் கொடியை அதற்கே விட்டுவிடுங்கள்.

நம் மாவட்டத்துக் கூந்தன்குளத்தில், வீட்டு மரங்களில் கூடுகட்டும் நாரைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. எவ்வளவு பெரிய மனசு! 1994-இல் அது சரணாலயமானது. அதற்கு வெகுமுன்பே ஊர்மக்கள் பறவைகளைக் காத்துவந்தார்கள்.

நீங்களும் கோடையில் பறவைகளுக்கு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள். இல்லையென்றால் கொசு முட்டையிடும்.