பத்து மணிக்கு மேல் வரும் புழு

கொசு கடித்தால் இன்று நமக்கு டெங்கு பயம்தான் வருகிறது. யானைக்கால் நோயை மறந்தே போனோம். ஆனால் அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு எங்கும் போய்விடவில்லை. சென்னையின் தேனாம்பேட்டை மண்டலத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் தேங்கிய சாக்கடையிலும் மூடாத செப்டிக் டேங்கிலும் சுகமாக முட்டையிடுகிறது. டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். இதற்கு அழுக்குத் தண்ணீர் போதும்.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு நூல் மாதிரி இருக்கும். பெண் புழு எட்டு, பத்து சென்டிமீட்டர் நீளம். நிணநீர்க் குழாய்க்குள் வருடக்கணக்கில் குடியிருந்து குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் பதுங்கிக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மேல்தான் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வருகின்றன. கியூலெக்ஸ் கடிப்பதும் ராத்திரியில்தானே! அதனால்தான் சுகாதார ஊழியர்கள் நடுராத்திரியில் கதவைத் தட்டி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கேட்கிறார்கள்.

இந்த நோய்க்கான டி.இ.சி. மாத்திரைக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதராடை அணிந்து பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானதால், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். பிறகு அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுதான் 1947-இல் இந்த மருந்தை உலகுக்கு அறிவித்தது. மறு வருடமே அவர் இறந்துவிட்டார். அவர் படித்த திருவல்லிக்கேணியும் இன்று இதே தேனாம்பேட்டை மண்டலத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் 'யார் அது?' என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

மருந்து குஞ்சுகளைக் கொன்றுவிடும். பெரிய புழு அத்தனை எளிதில் சாகாது. ஆகவேதான் கடலூர் மாவட்டத்தில் 1996-97-இல் தொடங்கி, நோய் இருந்த மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கே மாத்திரை கொடுத்தார்கள். நோயில்லாதவர் எதற்கு விழுங்க வேண்டும் என்ற முணுமுணுப்பு எழத்தான் செய்தது. ரத்தத்தில் குஞ்சுகளோடு திரிபவருக்குக் காலில் வீக்கமே இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் அதற்குப் பதில்.

வீங்கி முற்றிய காலை மாத்திரை பழையபடி ஆக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைத்து, புண்ணுக்கு உடனே மருந்து போட்டால் வீக்கம் மோசமாவதைத் தடுக்கலாம். வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ராத்திரி ரத்தம் எடுக்க வருபவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.